பெரு நாட்டு மீனும் தாது வருஷப் பஞ்சமும்!

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிறது பெரு. அந்த நாட்டுக் கடலில் கூட்டம் கூட்டமாகக் கிடைப்பது ஆன்சோவி என்ற சின்ன மீன். நம்மூர் நெத்திலிக்கு நெருங்கிய சொந்தம். சில ஆண்டுகளில், கிறிஸ்துமஸை ஒட்டி அங்கே கடல்நீர் வழக்கத்தைவிட வெதுவெதுப்பாகிவிடும். மீன் காணாமல் போகும். மீனவர்கள் இதற்கு ‘எல் நினோ’ என்று பெயர் வைத்தார்கள். ஸ்பானிய மொழியில் ‘சின்னப் பையன்’; இங்கே குழந்தை ஏசுவைக் குறிக்கிறது.

பெயர்தான் சின்னப் பையன். பெரு மீனவரின் வலையைக் காலியாக்கும் அதே மாற்றம், பூமியின் மறுபக்கத்தில் இருக்கும் இந்தியாவின் மழையையும் புரட்டிப்போடுகிறது. எப்படி?

கொடுக்கல் வாங்கல்

தண்ணீர் மெதுவாகச் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். கடலின் மேல்பரப்பில் உள்ள மூன்று மீட்டர் நீரே, ஒட்டுமொத்தக் காற்று மண்டலத்துக்கும் ஈடான வெப்பத்தைச் சேமித்து வைக்கும். அந்த வெப்பமும், கடலிலிருந்து எழும் நீராவியும்தான் காற்றை ஓடவைக்கும் எரிபொருள். பதிலுக்குக் காற்று, கடல்நீரைத் தள்ளிக்கொண்டு போகிறது.

பசிபிக் பெருங்கடலில் இந்தக் கொடுக்கல் வாங்கல் பிரமாண்டமாக நடக்கிறது. பூமத்திய ரேகையை ஒட்டி, கிழக்கிலிருந்து மேற்காக வியாபாரக் காற்று வீசுகிறது. அது வெதுவெதுப்பான நீரை இந்தோனேசியா பக்கம் கொண்டுபோய்க் குவிக்கிறது. அங்கே கடல் மட்டம், பெரு பக்கத்தைவிடச் சுமார் அரை மீட்டர் உயர்ந்தே நிற்கிறது. சூடான அந்தக் கடலுக்கு மேலே காற்று எழும்பி, மழை கொட்டுகிறது. பெரு பக்கம் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதில் இருக்கும் சத்துகளால்தான் அங்கே மீன் வளம்.

சில ஆண்டுகளில் வியாபாரக் காற்று தளர்ந்துபோகிறது. குவிந்திருந்த சூடான நீர் கிழக்கே திரும்புகிறது. கிழக்குக் கடல் சூடானால், காற்று இன்னும் தளர்கிறது. காற்று தளர்ந்தால், கடல் இன்னும் சூடாகிறது. இதுதான் எல் நினோ. இதற்கு நேர்மாறாக, காற்று வலுத்து கிழக்குக் கடல் மேலும் குளிர்ந்தால், அது ‘லா நினா’.

இந்தியாவில் கிடைத்த துப்பு

தாது வருஷப் பஞ்சம் என்று தாத்தா, பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்போம். 1876-ல் மழை பொய்த்தது. 1877-ல் மீண்டும் பொய்த்தது. அந்த ஆண்டு பசிபிக்கில் மிகக் கடுமையான எல் நினோ. இந்தியாவில் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். வானத்தை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. மக்கள் பட்டினி கிடந்தபோதே தானியம் கப்பலேறியது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி, அப்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான்.

1899-ல் மீண்டும் பருவமழை ஏமாற்றியது. மழையை முன்கூட்டியே கணிக்க வழி உண்டா என்ற கேள்வி எழுந்தது. 1904-ல் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் கில்பர்ட் வாக்கர், கேம்பிரிட்ஜ் கணித மேதை. பல நாடுகளின் வானிலைப் பதிவுகளை ஆண்டுக்கணக்கில் அலசியவர், ஓர் அதிசயத்தைக் கண்டார். பசிபிக்கில் காற்றழுத்தம் ஏறினால், இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது. ஒரு சீஸா பலகையைப்போல!

காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. வாக்கரின் சீஸாவும் பெரு மீனவர்களின் எல் நினோவும் ஒரே விஷயத்தின் இரு பக்கங்கள் என்று 1969-ல் விளக்கியவர், நார்வேயைப் பூர்வீகமாகக் கொண்ட ஜேக்கப் பியர்க்னஸ்.

தமிழ்நாட்டுக்கு வேறு கணக்கு

எல் நினோ வந்தால், பொதுவாக தென்மேற்குப் பருவமழை பலவீனமாகும். ஆனால், தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதியைக் கொடுப்பது வடகிழக்குப் பருவமழை. அது எல் நினோ ஆண்டுகளில் பெரும்பாலும் வலுக்கிறது. 2015-ல் இரண்டையும் பார்த்தோம். தென்மேற்குப் பருவமழை இந்திய அளவில் 14 சதவிகிதம் குறைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை மிதந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை!

இதை ஜாதகம்போல நம்பிவிடவும் கூடாது. 1997-ல் வலுவான எல் நினோ இருந்தும், இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை ஏமாற்றவில்லை. அந்த ஆண்டு இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி சூடாகவும் கிழக்குப் பகுதி குளிர்ந்தும் இருந்தது. பசிபிக் கெடுத்ததை நம் பக்கத்துக் கடல் ஈடுகட்டியது.

இன்று சுமார் 4,000 ஆர்கோ மிதவைகள் உலகக் கடல்களில் மிதக்கின்றன. 2,000 மீட்டர் ஆழம்வரை இறங்கி, பத்து நாள்களுக்கு ஒருமுறை மேலே வந்து, கடலின் வெப்பத்தைச் செயற்கைக்கோளுக்குச் சொல்கின்றன. புவி வெப்பமயமாதலால் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவிகிதத்துக்கும் மேல் கடலுக்குள்தான் போகிறது என்பதால், இந்தக் கண்காணிப்பு இன்னும் அவசியமாகிறது.

தாது வருஷத்து விவசாயிக்கு வானம் பொய்த்த பிறகுதான் தெரிந்தது. இன்று எல் நினோ உருவாவதைச் சில மாதங்களுக்கு முன்பே அறிய முடிகிறது. எந்தப் பயிரை விதைப்பது என்று யோசிக்கவும், ஏரிகளைத் தூர்வாரவும், மழைநீர்க் கால்வாய்களின் அடைப்பை எடுக்கவும் அந்த அவகாசம் போதும். பயன்படுத்துவது நம் கையில்!