மூட்டை வந்து இறங்கும் நேரத்தை முடிவு செய்வது யார்?

காலை பத்தரை மணி. கடையில் ஆட்கள் நிரம்பி நிற்கிறார்கள். ஒருவர் உளுந்து அரைக் கிலோ கேட்கிறார், இன்னொருவர் போன மாதப் பாக்கியைக் கணக்குப் பார்க்கச் சொல்கிறார். அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் குட்டியானை வந்து நிற்கும். பின்னால் மாட்டிக்கொண்ட பஸ் விடாமல் ஹாரன் அடிக்கும். கல்லாவில் இருப்பவர் எழுந்து மூட்டை எண்ணப் போவார். காத்திருந்தவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடை வைத்திருக்கும் நம் அங்கத்தினர்களில் இந்த அனுபவம் இல்லாதவர் அநேகமாக இருக்க மாட்டார்.

இதில் டீசல் வீண், கூலி வீண், வியாபாரமும் வீண். யார் மேல் குற்றம் என்று கேட்டால் நாம் லாரி ஷெட்டைக் கைகாட்டுவோம். அவர்கள் போலீஸைக் கைகாட்டுவார்கள். போலீஸார் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்களைக் கைகாட்டுவார்கள். ஆனால் இதே கேள்வியைச் சில கல்லூரிப் பேராசிரியர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்ட விடையை நம் வணிகர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

சென்னையில் போக்குவரத்து ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. 1970-ம் ஆண்டுக் கணக்குப்படி நகரின் பயணங்களில் ஐந்தில் ஒரு பங்கு சைக்கிளில் நடந்தது. 2008-ல் நடந்த விரிவான ஆய்வில் அது நூற்றுக்கு 6 ஆகக் குறைந்திருந்தது. அதே ஆய்வில் பஸ் 26, நடை 28. இவற்றில் பேசப்பட்டதெல்லாம் பெரும்பாலும் மனிதர்களின் பயணம். மத்திய அரசின் 2006-ம் ஆண்டு நகரப் போக்குவரத்துக் கொள்கையும் வாகனங்களை நகர்த்துவதல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்றது. நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த மனிதர்கள் சாப்பிடும் அரிசியும் பருப்பும் எப்படி நகர வேண்டும் என்பதற்கு இத்தகைய பேச்சுகளில் கிடைக்கும் இடம் குறைவு.

அந்தக் குறையைப் போக்க முயன்றவர்களில் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யின் சிவில் துறைப் பேராசிரியர் கீதாகிருஷ்ணன் ராமதுரை. அவரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் சாலையில் நின்று லாரிகளை எண்ணுவதோடு விடாமல், கடைகளிடமும் நிறுவனங்களிடமும் போய் விவரம் கேட்டார்கள். ஒரு கடைக்கு ஒரு நாளில் எத்தனை சரக்கு வண்டி வருகிறது என்பதே கேள்வி. 2021-ல் வெளியான அவர்களுடைய கட்டுரை ஒன்று நமக்குத் தெரிந்த ஓர் உண்மையைக் கணக்கில் கொண்டுவருகிறது. பல கடைகளுக்கு ஒரு நாளில் ஒரு வண்டிகூட வருவதில்லை. வராத கடைகளை விட்டுவிட்டுச் சராசரி போட்டால் கணக்குத் தப்பிவிடும். அதோடு, ஒரு கடைக்கு வரும் வண்டியை அக்கம்பக்கத்துக் கடைகளிலிருந்து பிரித்துப் பார்க்கவும் முடியாது. கடைத்தெருவில் இருப்பவனுக்கு இது புதிய செய்தியல்ல. ஆனால் எண்ணாக எழுதப்பட்ட பிறகுதான் ஒரு செய்தி அரசாங்க மேசைக்குப் போகிறது.

இனி, அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையைப் பார்ப்போம். நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியும் நம் தங்கசாலை மாதிரிதான், வண்டி நிறுத்த இடம் கிடையாது. ரென்சிலார் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஹோசே ஓல்கின்-வேராஸ் தலைமையில் 2009-10-ல் அங்கே 33 நிறுவனங்கள் இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை சரக்கு அனுப்பியும் இறக்கியும் பார்த்தன. பகலில் ஒரு கடை வாசலில் வண்டி சுமார் 100 நிமிடம் நின்றது. இரவில் 30 நிமிடமே போதுமாக இருந்தது.

நேரம் மிச்சம் என்பது எதிர்பார்த்ததுதான். நம்மை யோசிக்க வைப்பது அவருடைய இன்னொரு முடிவு. சரக்கு வரும் நேரத்தை முடிவு செய்வது லாரிக்காரர் அல்ல, சரக்கை வாங்கும் கடைக்காரர்தான் என்கிறார் அவர். சாலை காலியாக இருக்கும்போது ஓட்ட எந்த லாரிக்காரருக்கும் கசக்காது. ஷட்டரைத் திறந்து வைக்க ஆள் வேண்டுமே, அந்தச் சம்பளம் யார் தலையில்? கடைக்காரர் தலையில். டீசல் மிச்சமாகும் லாபம் யாருக்கு? லாரிக்காரருக்கு. செலவு ஒரு பக்கம், லாபம் மறு பக்கம் என்றால் எந்த ஏற்பாடும் நிலைக்காது. ஆகவே அந்தச் சோதனையில் இசைந்து வந்த கடைகளுக்கு ஊக்கத்தொகை கொடுத்தார்கள். தொகை நின்றதும், இரவில் ஆள் வைத்திருந்த கடைகள் பழையபடி பகலுக்கே திரும்பின. நம்பிக்கையான சப்ளையரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியவர்கள் இரவு முறையிலேயே தங்கிவிட்டார்கள்.

சாவியைக் கொடுப்பதா என்று நம்மவர்கள் சிரிப்பது காதில் விழுகிறது. எண்ணி வாங்கிய மூட்டையிலேயே எடை குறைகிற காலம் இது. அந்த யோசனையை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. விடியற்காலைச் சாலை காலியாக இருக்கும் என்ற கணக்கும் நம் பகுதிக்குப் பொருந்தாது. காசிமேட்டில் மீன் ஏலம் தொடங்கும் நேரத்தில் இராயபுரம் பக்கம் மீன்பாடி வண்டிகளும் ஐஸ் வண்டிகளும் மொய்த்துக்கொண்டிருக்கும். நடுநிசியில் மூட்டை இறக்கினால் மாடியில் குடியிருப்பவர் சண்டைக்கு வருவார், அதுவும் நியாயமே. நமக்குத் தோதான நேரம் ஒன்று உண்டு. கடை அடைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம். அப்போது ஆளும் இருக்கிறார், கூட்டமும் வடிந்திருக்கும். தனிச் சம்பளமும் வேண்டாம்.

நேரத்தைவிட முக்கியம் சுமை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலிருந்து திருவொற்றியூருக்குப் போய்வர 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் ஒரு நடைக்கு 1.3 லிட்டருக்குச் சற்று மேல். மூன்று மூட்டை ஏற்றி வந்தால் மூட்டைக்கு 440 மில்லி. ஒரே தெருவில் ஐந்து கடைகள் பேசி வைத்து 15 மூட்டையாக ஏற்றி வந்தால் மூட்டைக்கு 90 மில்லி. பாரம் கூடினால் மைலேஜ் கொஞ்சம் குறையும். குறைந்தாலும் பாதிக்கு மேல் மிச்சம் நிச்சயம். எரிபொருள் சிக்கனம் பற்றிப் பெரிய பெரிய கருத்தரங்குகளில் பேசுவது இந்தக் கணக்கைத்தான்.

துறைமுக டிரெய்லர் வரிசைக்கு வருவோம். எண்ணூர் விரைவுச் சாலையிலும் திருவொற்றியூர், காசிமேடு வழியிலும் துறைமுக வாசல் வரை பல கிலோமீட்டருக்கு அவை நின்ற நாட்கள் நமக்கு மறக்காது. நின்றபடி இன்ஜினை ஓடவிடும் நெடுந்தூர லாரி மணிக்குச் சுமார் 3 லிட்டர் டீசல் குடிக்கும் என்பது அமெரிக்க ஆய்வுக்கூடத்தின் கணக்கு. நம் வண்டிகளுக்கு அது முன்பின் இருக்கலாம். அந்தச் செலவு வாடகையில் ஏறி, இறக்குமதிப் பருப்பின் விலையில் ஏறி, கடைசியில் நம் சிட்டையில் வந்து உட்காருகிறது. இதைத் தீர்க்க வந்த துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2012-ல் வேலை நின்றது. தூண்கள் கூவத்தில் காத்திருந்தன. 2022-ல் இரண்டடுக்குப் பாலமாக மறுபடியும் அடிக்கல். இதில் நாம் செய்யக்கூடியது மனுக் கொடுப்பது ஒன்றுதான். கொடுத்தும் வந்திருக்கிறோம்.

ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் கடைத்தெருவில் ஒரு கூட்டம். சரக்கு இறக்கும் நேரத்தைக் குறைத்து உத்தரவு வரப்போகிறது என்று பேச்சு. அதிகாரி ஒருவர் கேட்டார், "உங்கள் தெருவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை வண்டி வருகிறது? எத்தனை மணிக்கு?" நாங்கள் இருபது பேர் இருந்தோம். "நிறைய வரும் சார்" என்பதற்கு மேல் ஒருவரிடமும் பதில் இல்லை. விற்றதற்குப் பைசா சுத்தமாகக் கணக்கு வைத்திருக்கும் நம்மிடம், சரக்கு வந்த நேரத்துக்குக் கணக்கு இல்லை.

சென்னைக்கு ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் அமைக்க 2010-ல் சட்டம் வந்தது. கும்டா என்று சொல்கிறார்களே, அதுதான். நகரப் போக்குவரத்துத் திட்டங்களைத் தீட்டும் பொறுப்பு அதனிடம் இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் நம் குரல் எடுபட வேண்டுமானால் கையில் எண் இருக்க வேண்டும். கல்லூரி மாணவர்கள் கணக்கெடுக்க வரும்போது வருமான வரிக்காரர்களோ என்று பயந்து விரட்டிவிடாதீர்கள். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் பேசுங்கள்.

அதற்கு முன், நம் பங்குக்கு ஒரு மாதம் எழுதிப் பார்ப்போம். வண்டி வந்த நேரம், போன நேரம், எத்தனை மூட்டை, எந்தத் தெருவிலிருந்து, இறக்குக் கூலி எவ்வளவு. இந்த ஐந்தும் போதும். பெயரோ பில் தொகையோ வேண்டாம். கோடு போட்ட நோட்டுகள் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன. ஒரு தெருவுக்கு ஐந்து கடைகளாவது வாங்கிச் சென்று, அடுத்த மாதக் கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு வரவும்.