செவ்வாயில் வானவில் தோன்றுமா?

2021-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு படம் பலரை வியப்பில் ஆழ்த்தியது. செவ்வாய் கிரகத்தில் இறங்கிய அமெரிக்காவின் "பெர்சவரன்ஸ்" வண்டி எடுத்து அனுப்பிய படம் அது. மங்கிய வானத்தில் வில் போல ஒரு வளைவு அதில் தெரிந்தது. "செவ்வாயில் வானவில்!" என்று மக்கள் பேசிக்கொண்டார்கள்.

அது வானவில்தானா? அதை அறிய, நம் ஊர் வானவில் எப்படி உண்டாகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

வெள்ளைக்குள் வண்ணம்

சூரிய வெளிச்சம் வெள்ளையாகத் தெரிகிறது. ஆனால், அதற்குள் பல வண்ணங்கள் கலந்து இருக்கின்றன. 1666-ம் ஆண்டில் இங்கிலாந்து விஞ்ஞானி நியூட்டன் இதைச் சோதித்துப் பார்த்தார். அறையை இருட்டாக்கி, ஒரு சிறு துளை வழியாக வெயிலை உள்ளே விட்டார். அதை முப்பட்டைக் கண்ணாடி வழியே செலுத்தினார். சுவரில் சிவப்பு முதல் ஊதா வரை வண்ணங்கள் வரிசையாக விழுந்தன.

மழைத்துளியும் இதே வேலையைத்தான் செய்கிறது. துளிக்குள் நுழையும்போது ஒளி சற்று வளைகிறது. துளியின் பின்பக்கத்தில் பட்டுத் திரும்புகிறது. வெளியே வரும்போது மறுபடியும் வளைகிறது. ஒவ்வொரு வண்ணமும் ஒவ்வோர் அளவில் வளைவதால் அவை தனித்தனியே பிரிந்து விடுகின்றன.

நம் தலையின் நிழல் விழும் திசையில் இருந்து சிவப்பு 42 டிகிரி தள்ளித் தெரியும். ஊதா 40 டிகிரி தள்ளித் தெரியும். அதனால்தான் வில்லின் வெளிப்புறம் சிவப்பு, உட்புறம் ஊதா.

முதுகில் வெயில்

வானவில்லைப் பார்க்க வேண்டுமானால், வெயில் முதுகில் பட வேண்டும். மழை எதிரே பெய்ய வேண்டும். ஆகவே காலையில் மேற்கிலும், மாலையில் கிழக்கிலும் வானவில் தெரியும். சூரியன் உச்சியில் இருக்கும் நண்பகலில் வானத்தில் வில் தெரியாது.

இன்னொரு வேடிக்கை! அண்ணனும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தாலும், இருவர் கண்ணுக்கும் ஒளியை அனுப்புவது வேறு வேறு துளிகள். அவரவர் வானவில் அவரவருக்கு!

செவ்வாயில் என்ன தெரிந்தது?

ஆக, வானவில்லுக்கு இரண்டு பொருள் தேவை. ஒன்று வெயில். மற்றொன்று உருண்டையான நீர்த்துளிகள். செவ்வாயில் வெயில் உண்டு. ஆனால் மழை இல்லை. அங்கே காற்று மிக மெல்லியது. குளிரோ மிக அதிகம். படத்தில் இருந்தது வானவில் அல்ல, காமிராவின் கண்ணாடியில் வெயில் பட்டதால் உண்டான வளைவு என்று "நாசா" விளக்கம் கூறியது.

சந்திரனில் காற்றும் இல்லை, மழையும் இல்லை. அங்கே வானவில்லுக்கு வழியே இல்லை.

வெள்ளி கிரகத்து மேகங்களில் இருப்பது கந்தக அமிலத் துளிகள். அவை தரைக்கு வரும் முன்பே ஆவியாகி விடுகின்றன. ஆனாலும், ஐரோப்பாவின் "வீனஸ் எக்ஸ்பிரஸ்" விண்கலம் அந்த மேகங்களின் மேல் ஓர் ஒளி வளையத்தை 2011-ம் ஆண்டில் படம் எடுத்தது. இது வானவில் அல்ல, வானவில்லுக்கு உறவு. விமானத்தில் செல்பவர்கள், கீழே மேகத்தில் விழும் விமான நிழலைச் சுற்றி இதே போன்ற வண்ண வளையத்தைப் பார்க்கலாம்.

டைட்டானில் மழை

சனி கிரகத்தைச் சுற்றும் டைட்டான் என்ற சந்திரனில் மழை பெய்கிறது. ஆனால் அது தண்ணீர் அல்ல, திரவ மீத்தேன்! அங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 180 டிகிரி. மீத்தேன் துளி தண்ணீரைவிடக் குறைவாகவே ஒளியை வளைக்கும். ஆகவே அங்கே வில் தோன்றினால், நம்முடையதைவிடப் பெரிதாக, சுமார் 49 டிகிரி அளவில் இருக்கும். ஆனால், டைட்டானை அடர்ந்த புகைமூட்டம் மூடி இருக்கிறது. வெயில் நேராகத் தரைக்கு வருவது அரிது. ஆகவே அந்த வில் கண்ணுக்குத் தெரிவது கடினம்.

சூரிய மண்டலத்தில் வெயிலும் தண்ணீர் மழையும் ஒன்றாகத் தரையில் விழும் இடம், நாம் வாழும் பூமி ஒன்றுதான்.

மழைக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. காலையில், வெயில் ஏறும் முன், சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். வாயில் தண்ணீர் வைத்து "பூ" என்று ஊதுங்கள். சின்ன வானவில் ஒன்று உங்கள் வீட்டு வாசலிலேயே தோன்றும்!