கழிவெண்ணெய் அகற்றும் முறைகள்: ஓர் ஒப்பீடு

மோட்டார் வாகனத்தின் எஞ்சின் ஒயிலை வீட்டிலேயே மாற்றுவோரிடையே இருவேறு முறைகள் வழக்கிலுள்ளன. ஒன்று, ‘சம்ப்’ எனப்படும் அடித்தொட்டியின் நட்டைக் கழற்றிப் பழைய ஒயிலைக் கீழே வடியவிடுவது. மற்றையது, ஒயில் அளவு பார்க்கும் கம்பி செல்லும் துவாரத்தினூடே மெல்லிய குழலொன்றைச் செலுத்திப் பம்பியால் மேலே உறிஞ்சுவது. இவற்றுள் எது சிறந்தது என்ற விவாதம் பெரும்பாலும் நேரம், துப்புரவு என்பவற்றோடு நின்றுவிடுகின்றது. வேலை செய்பவரின் உடல் அதில் இடம்பெறுவதில்லை. நாம் அதனையே முதன்மைப்படுத்த விரும்புகிறோம்.

எஞ்சினை மட்டும் கருதின் வடித்தலே மேலானது. இளஞ்சூட்டில் வடியும் ஒயில், தன்னில் மிதக்கும் கரியையும் உலோகத் துகளையும் பெருமளவு உடன்கொண்டு வெளியேறும். சில வாகனங்களில் நட்டின் முனை காந்தமாயிருக்கும். அதில் ஒட்டிய துகள்கள் எஞ்சினின் தேய்மானத்தை உணர்த்துவன. உறிஞ்சுபவருக்கு இவ்வறிவு கிட்டாது. மேலும், குழல் தொட்டியின் ஆழ்ந்த பகுதியை எட்டாதவிடத்து ஒயிலில் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும். எனவே வெளிவந்ததை அளந்து பார்ப்பது இன்றியமையாதது. மறுபுறம், அலுமினியத் தொட்டியில் நட்டை மிகையாக இறுக்கிப் புரியை அழிக்கும் இடர் உறிஞ்சுதலில் இல்லை. படகுகளின் உட்பொருத்திய எஞ்சின்களிலோ, அடியில் பாத்திரம் நுழைய இடமின்மையால், உறிஞ்சுதலே பெருவழக்கு.

ஆனால், வடிப்பதற்கு ஒருவர் வாகனத்தின்கீழ்ப் படுக்கவேண்டும். கராஜில் அதற்கெனக் குழியுண்டு; வீட்டு முற்றத்தில் இருப்பது ஜக் மாத்திரமே. ஜக் சில்லு மாற்றுவதற்கானது. அது சரியுமாயின் வாகனத்தின் முழுப்பாரமும் நெஞ்சின்மீது விழும். உறுதியான தாங்கிகள் இல்லாதவிடத்து, சிறிது ஒயில் எஞ்சினும் உறிஞ்சுதலையே நாம் பரிந்துரைப்போம். எஞ்சும் ஒயிலால் விளையும் தீங்கு அற்பமானது. பில்டரும் அடியிலேயே அமைந்த வாகனங்களில் மட்டும் இவ்வாதம் வலுவிழக்கின்றது. அவற்றை, செலவைப் பாராது, குழியுள்ள கராஜுக்குக் கொண்டுசெல்வதே தகும்.

எம்முறையில் எடுப்பினும் கழிவெண்ணெய் எஞ்சியே நிற்கும். தோற்புற்றுக்கு ஏதுவாகும் சேர்வைகள் அதில் உள்ளமையால் வெறுங்கையால் அளைதல் ஆகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ, கறையானுக்கென வேலித் தூணிற் பூசுவதும் மிச்சத்தை வளவின் மூலையில் ஊற்றுவதும் இன்னும் சிறு விடயங்களாகவே கருதப்படுகின்றன. வெடிப்புகள் மலிந்த சுண்ணக்கல்லின்மீது அமைந்த நிலம் அது. மேலே ஊற்றுவது கிணற்றை அடைய அதிக காலம் செல்லாது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை, 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்ற விவகாரமாகும். கழிவெண்ணெயை நீரோ பெற்றோலோ கலவாது மூடியுள்ள கலனிற் சேர்த்து, அதனை ஏற்கும் கராஜிடம் ஒப்படைத்தல் வேண்டும்.