பழையது வேறு, புராதனம் வேறு

கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுப் பிரிந்து ஆரோவில்லை நோக்கிச் செல்லும் வழியில் உள்ள குயிலாப்பாளையத்தில், 1968ஆம் ஆண்டு முதற்கொண்டு அயலில் வந்து குடியேறிய பல தேசத்தாருடைய பேச்சைக் காதால் கேட்டே ஆங்கிலம் கற்றவர்கள் உண்டு. அவர்களுடைய சரளம் பட்டணத்துப் பட்டதாரிகளுக்கும் வாய்ப்பது அரிது. அவ்வூர்ப் பக்கத்துக் கடை ஒன்றில், இடித்த வீடுகளிலிருந்து கழற்றி வந்த நிலைகளுக்கும் தூண்களுக்கும் நடுவே, எண்பது வயதுக்கு மேல் மதிக்கவியலாத ஒரு தேக்குக் கதவின்மீது ‘ஏன்ஷியன்ட்’ என்றெழுதிய அட்டை தொங்கக் கண்டு, ‘ஓல்டு’ என்றால் போதாதோ என்று வினவினேன். “ரெண்டுக்கும் பழசுன்னுதானே ஐயா அர்த்தம்?” என்றார் கடையிலிருந்த இளைஞர்.

அகராதியைப் புரட்டினால் அவர் கட்சிதான் வெல்லும். ஆயினும் பழைய சோறு என்னும் நாம் முதிய சோறு என்பதில்லை. கிழ மாடு உண்டு, தொன்மையான மாடு இல்லை. விசேஷணம் என்று வடநூலார் வழங்கிய அடைமொழி, தான் தழுவி நிற்கும் பெயருக்கு இசைந்தே பொருள் தருவது என்பதைத் தாய்மொழியில் பிரயாசையின்றி அறிந்திருக்கும் நாம், ஆங்கிலத்துக்கு வந்தவுடன் மறந்துவிடுகிறோம். அம்மொழியில் ‘ஏன்ஷியன்ட்’ என்பது, புதுச்சேரிக்குத் தெற்கே 1945இல் வீலர் அகழ்ந்து ரோமானிய வாணிபச் சின்னங்களைக் கண்ட அரிக்கமேடு போன்ற புராதன ஸ்தலங்களுக்கு உரிய சொல். ‘ஆன்டீக்’ என்பதோ வயதினால் மதிப்பேறிய பொருளுக்கு உரியது. ‘ஓல்டு’ வயதை மட்டும் சொல்லி நிற்கும். மதிப்பைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

இது வெறும் இலக்கண சர்ச்சையும் அன்று. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்ததாயினும், சரித்திர முக்கியத்துவம் வாய்ந்து நூறாண்டு நிரம்பிய பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. ஆகவே அயல்நாட்டு வாடிக்கையாளரிடம் புகழ்ச்சிக்காகச் சொன்ன அடைமொழியே சுங்கச் சாவடியில் வில்லங்கமாகக் கூடும்.

ஒரு பொருளுக்கு இத்தனை சொற்கள் குவிந்ததற்கு ஒரு காரணம், 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சும், புலவர் வழியே லத்தீனும் அந்நாட்டு மொழியில் கலந்ததுதான். ‘கிங்லி’ பூர்வீகம், ‘ராயல்’ பிரெஞ்சு வழி, ‘ரீகல்’ லத்தீன் வழி. மூன்றுக்கும் அரசனே பொருளெனினும், கடற்படையை ‘ராயல்’ என்பார்களேயன்றி மற்ற இரண்டாலும் சொல்லார். ‘ஹிஸ்டாரிக்’, ‘ஹிஸ்டாரிக்கல்’ என்னும் இரட்டையரோ ஒரே வேரில் கிளைத்தும் தொழில் பிரித்துக்கொண்டவர்கள். 1968 பிப்ரவரி 28ஆம் நாள் 124 நாடுகளின் மண்ணைச் சலவைக்கல் தாழியில் இட்டு ஆரோவில்லைத் தொடங்கிய வைபவம் முன்னதைப் பெறும். அதைப் பற்றிய காகிதக்கட்டு, எவ்வளவு அற்பமாயினும், பின்னதற்கு உரியது.

ஒரு சொல்லுக்கு ஐந்து பிரதிபதங்களை மனனம் செய்விக்கும் பள்ளி வழக்கமே இக்குழப்பத்தின் ஊற்று என்பது என் அபிப்பிராயம். ஜப்பானில் ஆங்கிலம் போதித்த ஹார்ன்பி, அயல்மொழியார் இடறும் இடங்களை நேரில் கண்டவராதலால், 1948இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட தம் அகராதியில் சொல்லை வாக்கியத்தில் நிறுத்திக் காட்டினார். பிள்ளைகளுக்கு அகராதி வாங்கச் செல்லும் பெற்றோர், பொருளை மட்டும் அடுக்கும் மலிவுப் பதிப்பை விடுத்து, அவ்வாறு உதாரண வாக்கியம் தரும் ஒன்றையே கேட்டு வாங்குவார்களாக.