ரப்பர் சப்பாத்தின் ஆயுள்



மாலையில் எங்கள் லயத்துப் பக்கம் வந்தால், வாசற்படி ஓரங்களில் ரப்பர் பூட்ஸ்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். அவற்றை எண்ணினாலே எந்த வீட்டில் எத்தனை பேர் மலைக்குப் போகிறார்கள் என்று தெரிந்துவிடும். இன்று அந்தச் சப்பாத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

கேமரன் மலையில் 1929-ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அன்று போலவே இன்றும் சரிவான மலை, ஈர மண், அட்டை, முள். வெட்டுக்காயம் உள்ள கால் எலி மூத்திரம் கலந்த சேற்றில் பட்டால் எலிக்காய்ச்சலும் வரலாம். ஆகவே காலுக்குக் காப்பு வேண்டும்.

நம் பாட்டன்மார் பலர் கீழே சமவெளியில் பால் மரம் வெட்டியவர்கள். அந்தப் பாலை வெறுமனே உறைய வைத்துச் சப்பாத்துச் செய்தால் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர் என்பவர், கந்தகம் கலந்து சூடாக்கினால் ரப்பர் உறுதிப்படும் என்று கண்டறிந்தார். அதன் பிறகே இந்தப் பூட்ஸ் பிறந்தது.

ஆனால் கடையில் விற்பதெல்லாம் ரப்பர் அல்ல. விலை குறைந்தவை பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக். மலைக் குளிரில் அது விறைக்கும். நாளாக ஆக இன்னும் இறுகும். கால்விரல்களுக்குப் பின்னால், நடக்கும்போது மடியும் இடத்தில்தான் முதலில் வெடிக்கும். ரப்பரில் ஓட்டை விழுந்தால் உப்புத்தாளால் தேய்த்து, சைக்கிள் டியூபுக்கு ஒட்டுவது போல ஒட்டிக்கொள்ளலாம். பி.வி.சி.யில் அந்தப் பசை நிற்காது.

ரப்பருக்கும் பகைகள் உண்டு. காற்றில் சிறிதளவு இருக்கும் ஓசோன் என்னும் வாயு, மடிந்து இழுபட்டு நிற்கும் ரப்பரை மெல்ல மெல்ல வெடிக்கச் செய்யும். பூட்ஸின் மேல்பகுதியை மடித்து மூலையில் போடுகிறோமே, அந்த மடிப்பில்தான் கோடு விழும். கொழுந்து வெட்டும் இயந்திரத்துக்கு ஊற்றும் பெட்ரோலும் எண்ணெயும் பட்டால் ரப்பர் ஊதி இளகிவிடும். உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். அடுப்போரம் காய வைப்பது எல்லார் வீட்டிலும் நடக்கிறது. அந்தச் சூடு ரப்பரின் வயதைக் கூட்டுகிறது. உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்துக் காற்றாட நிழலில் வையுங்கள், ஈரத்தைத் தாள் இழுத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் விட முக்கியமானது அடிப்பாகம். சரிவில் இறங்கும்போது குதிகால்தான் மண்ணைக் கடிக்கிறது. அங்குள்ள பள்ளங்கள் தேய்ந்து மட்டமாகிவிட்டால், கால் மண்ணில் நிற்காமல் சேற்றின் மேல் சறுக்கும். என் அம்மா அப்படித்தான் விழுந்தார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. கணுக்கால் முறிந்து இரண்டு மாதம் படுக்கை, கூலியும் இல்லை. அந்தச் சப்பாத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேலே பளபளவென்று புதிது போல இருந்தது. திருப்பினால் குதிகால் வழுக்கை. முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் அம்மா அதைக் கழுவித் துடைத்திருந்தார். அடியைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வாரம் ஒரு தடவை பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிறு கண்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

புதிது வாங்கக் காசுக்கு எங்கே போவது என்று சில தாய்மார்கள் என்னிடம் கேட்டதுண்டு. 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் 26-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டப்படி முதலாளி பாதுகாப்புக்காகக் கொடுக்கும் பொருளுக்குத் தொழிலாளியிடம் பணம் பிடிக்கக் கூடாது என்கிறது அது. தேய்ந்த சப்பாத்தைக் கையோடு கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். வாயால் சொல்வதை விட அது நன்றாகப் பேசும்.

அம்மாவின் பூட்ஸை அப்பா வீசவில்லை. மேல்பகுதியை வெட்டிக் கோழிக்கூட்டுக் கதவுக்குக் கீலாக அடித்தார். நான் பயிற்சிக் கல்லூரிக்குப் போகும் வரையில் அந்தக் கதவு ஆடிக்கொண்டிருந்தது.