சட்டத்தில் வரும் 'ஹி' யாரைக் குறிக்கும்? ஆங்கிலப் பிரதிப்பெயர் குறித்த ஒரு விளக்கம்

புதுதில்லி: ஒரு பெயரைத் திரும்பத் திரும்பக் கூறாமல் அதற்கு ஈடாக வரும் சொல்லை ஆங்கில இலக்கணப் பாடத்தில் பிரதிப்பெயர் என்று கற்பிக்கின்றனர். படர்க்கை ஒருமையில் ஆணுக்கு 'ஹி', பெண்ணுக்கு 'ஷி', அஃறிணைக்கு 'இட்' என்பது பள்ளி மாணவர்களும் அறிந்த பாகுபாடு. ஆனால், இதே சொற்கள் சட்டத்தில் இடம்பெறும்போது, ஒருவருக்கு உரிமை உண்டா, இல்லையா என்பதையே அவை தீர்மானிக்கக்கூடும்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது?

தமிழில் 'அவர்' என்ற சொல் ஆண், பெண் இருபாலருக்கும் பொருந்தும். ஆங்கிலத்திலும் பால் தெரியாத ஒருவரைக் குறிக்க, பன்மைச் சொல்லான 'தே' பல நூற்றாண்டுகளாகப் பேச்சிலும் எழுத்திலும் வழங்கி வருகிறது. எனினும், அது பன்மைக்கு மட்டுமே உரியது என்று இலக்கண ஆசிரியர்கள் பலர் வலியுறுத்தினர். சட்ட வரைவாளர்களும் பொதுவாக 'ஹி' என்றே எழுதினர்.

பொது விதி என்ன?

மத்திய சட்டங்களில் வரும் சொற்களுக்குப் பொருள்கொள்ளும் முறையை 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம் வகுத்துள்ளது. ஆண்பாலைக் குறிக்கும் சொற்கள் பெண்பாலையும் உள்ளடக்கும் என்கிறது அதன் 13-ஆவது பிரிவு. ஆனால், பொருளோ சூழலோ அதற்கு முரணாக இருத்தல் கூடாது என்பது நிபந்தனை.

அரசமைப்புச் சட்டத்துக்குப் பொருள்கொள்வதற்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று அதன் 367-ஆவது பிரிவு கூறுகிறது. குடியரசுத் தலைவருக்கான தகுதிகளைக் கூறும் 58-ஆவது பிரிவின் ஆங்கில வாசகத்தில் 'ஹி' என்றே உள்ளது. ஆயினும், 2007-இல் பிரதிபா பாட்டீலும் 2022-இல் திரௌபதி முர்முவும் அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட அது தடையாகவில்லை.

நிபந்தனையால் மூடிய கதவு

அந்த நிபந்தனை பெண்களுக்கு எதிராகவும் அமைந்தது உண்டு. சட்டப் பட்டம் பெற்ற ரெஜினா குஹா, வழக்குரைஞராகப் பதிவு செய்யக் கோரியபோது, 1916-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஆண்பாற்சொல் பெண்களையும் உள்ளடக்கும் என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. எனினும், 1879-ஆம் ஆண்டின் சட்டத் தொழில் புரிவோர் சட்டம் ஆண்களை மனத்தில் கொண்டே இயற்றப்பட்டது என்று நீதிமன்றம் கருதியது. பெண் என்ற காரணத்தால் மட்டும் எவரையும் இத்தொழிலிலிருந்து விலக்கக் கூடாது என்பதற்கு 1923-இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

புதிய சட்டங்களில் மாற்றம்

'ஹி' என்ற சொல் ஆண், பெண் இருவரையும் குறிக்கும் என்று 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் தன் 8-ஆவது பிரிவில் விளக்கியது. அதற்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, இதே விளக்கத்தில் திருநரையும் சேர்த்துள்ளது.

2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறொரு வழியைத் தேர்ந்தது. அதில் தனிநபரைக் குறிக்க 'ஷி' பயன்படுத்தப்பட்டுள்ளது. எப்பாலினத்தைச் சேர்ந்தவரையும் அது குறிக்கும் என்று சட்டமே தெளிவுபடுத்துகிறது. ஆகவே, அச்சட்டம் தரும் பாதுகாப்பு பெண்களுக்கு மட்டும் உரியது என்று கருதுவது தவறு.

எப்படிப் படிக்க வேண்டும்?

பிரதிப்பெயர் தனித்து நின்று பொருள் தருவதில்லை. அது எந்தப் பெயருக்கு ஈடாக வந்துள்ளது என்பதை முதலில் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பாலியல் வன்கொடுமையை வரையறுக்கும் நியாய சன்ஹிதாவின் 63-ஆவது பிரிவு, 'ஓர் ஆண்' என்று தொடங்குகிறது. எனவே, தொடர்ந்து வரும் 'ஹி' அங்கு ஆணை மட்டுமே குறிக்கும்; அச்சட்டத்தின் பொது விளக்கம் அதனை மாற்றாது.

அவ்வாறு பால் வரையறுக்கப்படாத இடங்களில், அந்தச் சட்டத்தின் பொருள் வரையறைப் பிரிவையும், அதன்பின் 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். தமிழாக்கத்திலும் இதே வரிசையைப் பின்பற்றினால், எங்கே 'அவர்' என்று எழுதுவது, எங்கே 'அந்த ஆண்' என்று வெளிப்படையாகக் கூறுவது என்பது தெளிவாகும்.