மிதி

குழித்தறியில் அமர்ந்து நெய்யும் நெசவாளரைச் சற்றே நின்று நோக்கினால், அவருடைய கைகளைக் காட்டிலும் கால்களே வியப்பூட்டும். குழிக்குள் இறங்கிய அக்கால்கள் மிதிகளை மாறி மாறி அழுத்துகின்றன. ஒரு மிதி தாழ, அதனோடு கயிற்றாற் பிணைத்த விழுது இறங்குகின்றது. மற்றொரு விழுது ஏறுகின்றது. நீள இழையாகிய பாவு இரண்டாகப் பிரிந்து வழிவிட, அவ்விடைவெளியில் ஊடை நூலுடன் நாடா ஓடுகின்றது. அடுத்த மிதியை அழுத்தியதும் மேலிருந்த இழைகள் கீழும், கீழிருந்தவை மேலுமாக மாறி ஊடையைப் பிணித்துக்கொள்கின்றன. பாவைப் பிரிக்கும் வேலையும் கைகளுக்கே உரியதாயின், துணி விரலளவு வளர்வதற்கே நெடும்பொழுது செல்லும்.

காலால் அழுத்தி இயக்கும் உறுப்பிற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்களுள் 'பெடல்' என்பது ஒன்று. காலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, இத்தாலியம், பிரெஞ்சு ஆகிய மொழிகளின் வழியே அது 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் புகுந்தது. அங்கு அது முதலிற் குறித்தது வண்டியின் உறுப்பை அன்று. 'ஆர்கன்' என்னும் பெரிய இசைக்கருவியில் காலால் அழுத்தும் கட்டைகளையே ஆகும். கைகள் பற்பல சுரங்களை மாற்றி வாசிக்கையில், காலடியில் ஒரே சுரம் நீண்டு ஒலித்துக்கொண்டிருக்கும். அந்தச் சுரத்திற்கும் பெடல் என்றே பெயராயிற்று. வடிவ கணிதத்திலும் இச்சொல் உண்டு. முக்கோணத்தினுள் ஒரு புள்ளியிலிருந்து மூன்று பக்கங்களுக்கும் செங்குத்துக்கோடுகள் வரைந்து, அவற்றின் அடிகளை இணைத்தால் உண்டாவது பெடல் முக்கோணம். அங்கே மிதிப்பதற்கு யாதொன்றும் இல்லை! செங்குத்தின் 'அடி' எனத் தமிழும் காலின் பெயரையே கொண்டிருத்தல் நோக்கத்தக்கது.

ஜெர்மனியில் டிரைஸ் என்பவர் 1817-இல் செய்த இருசக்கர வண்டிக்கு மிதி இல்லை. ஏறியவர் தரையைக் காலால் உந்தியே செல்லவேண்டும். முன்சக்கரத்தில் மிதி பூட்டிய வண்டிக்கு 1866-இல் லால்மாங் என்னும் பிரெஞ்சுக்காரர் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். மிதி ஒருமுறை சுழன்றாற் சக்கரமும் ஒருமுறையே சுழலும். ஆதலின் விரைவை விரும்பியோர் முன்சக்கரத்தை ஆளுயரத்திற்குப் பெருக்கினர்; அதிலிருந்து தலைகுப்புற விழுந்தோர் பலர். 1885-இல் ஸ்டார்லி என்னும் ஆங்கிலேயர் செய்த வண்டி, மிதியை நடுவில் வைத்துச் சங்கிலியாற் பின்சக்கரத்தைச் சுழற்றி, அவ்விடரைத் தீர்த்தது.

மிதிவண்டியின் மிதி காலின் வலிமையைப் பெறுவது. மோட்டார் வண்டியின் மிதியோ காலின் கட்டளையை மட்டுமே பெறுவது, வலிமை எந்திரத்தினுடையது. விரைவூட்டும் மிதியும் தடுக்கும் மிதியும் அருகருகே இருப்பதால், திகைப்பில் ஒன்றுக்கு மற்றொன்றை அழுத்துவோர் உளர். வண்டி நிற்காமை கண்டு, அவர்கள் அம்மிதியையே இன்னும் ஊன்றி அழுத்துவர். இரண்டினையும் வலக்கால் ஒன்றாலேயே இயக்குமாறு ஓட்டுநரைப் பழக்குகின்றனர். ஒன்றன்மேல் ஊன்றிய கால் அதே வேளையில் மற்றொன்றன்மேலும் ஊன்றுதல் அரிதன்றோ?